கொல்லைப்புறம்: தமிழர் வீட்டுத் தோட்டமும் பருவங்களும்

கொல்லைப்புறம் என்பது வீட்டின் பின்புறத்தில், கிணற்றடிக்கும் வேலிக்கும் இடையே, வீட்டாரின் தேவைக்காகக் காய், கீரை, கிழங்கு, பூ, மூலிகை ஆகியவை வளர்க்கப்பட்ட நிலமாகும். தஞ்சைப் பகுதியில் கொல்லை என்றும், பிற இடங்களில் புழக்கடை, புறக்கடை, புறவாசல் என்றும் இது வழங்கப்படுகிறது. யாழ்ப்பாணத்தில் வீட்டைச் சூழ்ந்த வேலியடைத்த நிலம் வளவு எனப்படும். சங்க நூல்களில் இதற்குப் படப்பை என்று பெயர். அந்நூல்களில் கொல்லை என்ற சொல் முல்லை நிலத்துப் புன்செயைக் குறித்தது. வீட்டின் பின்புறம் என்ற பொருள் அதற்குப் பிற்காலத்தில் வந்தது.

தமிழகத்தின் வேளாண்மை வரலாறு பெரும்பாலும் நெல், ஏரி, கால்வாய், நிலவரி ஆகியவற்றைப் பற்றியது. கொல்லையில் விளைந்தது சந்தைக்குப் போகவில்லை, களத்தில் அளக்கப்படவில்லை. ஆகவே அதற்குத் தனிக் கணக்கு எழுதப்படவில்லை. இலக்கியம், செப்பேடு, செடிகளின் பெயர், வீட்டு வழக்கம், சட்டம் ஆகியவற்றில் சிதறிக் கிடக்கும் செய்திகளைச் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. கொல்லையின் வளம் நிலத்தின் பரப்பை மட்டும் பொறுத்ததன்று. வீட்டுக் கழிவை உரமாக்கும் ஒழுங்கு, காலம் அறிந்து விதைக்கும் பழக்கம், நட்டதைத் தனதென்று சொல்லும் உரிமை ஆகிய மூன்றும் கூடிய இடத்தில் அது செழித்தது. இவற்றுள் ஒன்று அற்றபோது சுருங்கியது.

சங்க இலக்கியத்தில் படப்பை

சங்கப் பாடல்களில் வீட்டுத் தோட்டம் இரு நிலைகளில் காணப்படுகிறது. ஒன்று வளத்தின் அடையாளம். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை, தோட்டம் பயிரிடும் உழவரின் வீட்டைக் காட்டுகிறது. அவ்வீடு தென்னை ஓலையால் வேயப்பட்டது. முற்றத்தில் மஞ்சள் வளர்கிறது. சுற்றிலும் மணம் வீசும் படப்பை உள்ளது. அதே புலவர் பாடிய பட்டினப்பாலை சோழநாட்டின் வளத்தைச் சொல்லும்போது தென்னை, வாழை, கமுகு, மஞ்சள், மா, பனை, சேம்பு, இஞ்சி ஆகியவற்றை வரிசைப்படுத்துகிறது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் காவிரிக் கரை வீட்டுக் கொல்லைகளில் இந்த எட்டும் காணப்படுவது குறிப்பிடத்தக்கது.

மற்றொன்று வறுமையின் அடையாளம். நல்லூர் நத்தத்தனாரின் சிறுபாணாற்றுப்படையில், பாணனின் மனைவி குப்பைமேட்டில் தானாக முளைத்த வேளைக்கீரையைப் பறித்து உப்பின்றி வேகவைக்கிறாள். பிறர் பார்த்துவிடக் கூடாதென்று நாணிக் கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தாருடன் உண்கிறாள். புறநானூற்றின் 116ஆம் பாடலில், தந்தையை இழந்து சிறிய வீட்டில் தங்கியிருக்கும் பாரி மகளிர், பீர்க்கும் சுரையும் படர்ந்த வீட்டருகே உள்ள குப்பையின் மேல் ஏறி நின்று உமணரின் உப்பு வண்டிகளை எண்ணுகின்றனர். முல்லைக்குத் தேர் கொடுத்த மன்னனின் மக்களுக்கு எஞ்சியிருந்தது முள்வேலியும் சுரைக்கொடியும் குப்பைமேடும்தான்.

இவ்விரு பாடல்களிலும் குப்பை இடம்பெறுவது தற்செயல் அன்று. வீட்டுச் சாம்பலும் சாணமும் இலைச்சருகும் சேர்ந்த குப்பைமேடே கொல்லையின் மிக வளமான மண். கீரையும் பூசணியும் சுரையும் அங்கே விதைக்காமலேயே முளைக்கும். நெல் இல்லாத வீட்டுக்கும் குப்பை இருந்தது. அதனால் கொல்லை, செல்வர் வீட்டில் சமையலுக்குச் சுவை கூட்டும் இடமாகவும் ஏழை வீட்டில் பசிக்குக் கடைசித் துணையாகவும் இருந்தது.

செப்பேடுகளில் மனைப்படப்பை

இடைக்காலக் கொடை ஆவணங்களில் மனையுடன் சேர்த்து மனைப்படப்பையும் குறிப்பிடப்படுகிறது. வீடு என்பது கூரையும் சுவரும் மட்டுமன்று. ஒட்டியுள்ள தோட்டமும் அதன் பகுதியே என்பது அக்கால நில வழக்கு.

எல்லாவற்றையும் எல்லோரும் நட்டுவிட முடியாது என்பதும் இவ்வாவணங்களிலிருந்து தெரிகிறது. பல்லவர் காலத்தில் குவளை நடுவதற்குக் குவளைக் காணம், செங்கொடி நடுவதற்குச் செங்கொடிக் காணம் எனத் தனி வரிகள் இருந்தன. சோழர் காலத்துக் கொடைச் செப்பேடுகள் சில, கொடை பெற்றவர்களுக்கு அளிக்கப்படும் உரிமைகளைப் பட்டியலிடுகின்றன. சுட்ட ஓட்டால் மாடவீடு கட்டுவது, கிணறு தோண்டுவது ஆகியவற்றோடு தமனகம், மரு, இருவேலி, செண்பகம், செங்கழுநீர் ஆகியவற்றை நடுவதும் தென்னை வைப்பதும் அப்பட்டியலில் உள்ளன. ஓர் உரிமையைத் தனியே எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது என்றால், அது எல்லோருக்கும் இயல்பாக இருந்ததில்லை என்பது பொருள். மணமலரும் நெடுநாள் பயன் தரும் மரமும் அதிகாரத்தோடு பிணைந்திருந்தன. கீரைக்கும் சுரைக்கும் இப்படிப்பட்ட தடை இருந்ததாகச் செப்பேடுகளில் பேச்சில்லை.

இதே காலத்தில் கோயில்களுக்கு நந்தவனங்கள் அமைக்கப்பட்டன. அவற்றைப் பராமரிப்போருக்கு நிலம் விடப்பட்ட செய்தியைப் பல கல்வெட்டுகள் கூறுகின்றன. திருவில்லிபுத்தூரில் பெரியாழ்வார் நந்தவனம் வைத்துப் பூமாலை கட்டினார் என்பதும், அங்கே துளசிச் செடியருகில் ஆண்டாள் கண்டெடுக்கப்பட்டார் என்பதும் வைணவ மரபு.

கடல் கடந்து வந்த செடிகள்

1498இல் போர்ச்சுகீசியர் கோழிக்கோட்டில் இறங்கிய பிறகு, அமெரிக்கக் கண்டத்துச் செடிகள் அடுத்தடுத்துத் தென்னிந்தியாவை வந்தடைந்தன. மிளகாய், பப்பாளி, கொய்யா, அன்னாசி, முந்திரி, சீத்தா, நிலக்கடலை, மக்காச்சோளம், மரவள்ளி, சர்க்கரைவள்ளி, உருளைக்கிழங்கு, தக்காளி, சௌசௌ ஆகிய அனைத்தும் அக்கண்டத்தைச் சேர்ந்தவை. இவற்றுள் பல வயலுக்குப் போவதற்கு முன் கொல்லையில்தான் இடம்பிடித்தன. புதிய செடியை முயன்று பார்க்க ஒரு சாண் நிலமும் குடத்து நீரும் போதும், பொய்த்தாலும் இழப்பில்லை.

வந்தவற்றுக்கு மக்கள் பழைய செடிகளை ஒட்டியே பெயர் வைத்தனர். மிளகைப் போல் உறைக்கும் காய் மிளகாய் ஆயிற்று. பறங்கியர் கொண்டுவந்த பூசணி பறங்கிக்காய் ஆயிற்று. மார்கழிக் கோலத்தின் நடுவே சாணப் பிள்ளையாரின் தலையில் பல ஊர்களில் இன்று வைக்கப்படுவது இந்தப் பறங்கிப் பூவே. சாம்பல் பூசணியின் பூவும் மஞ்சள்தான் என்பதால் பழைய வழக்கத்துக்குள் புதிய செடி எளிதாக நுழைந்துவிட்டது.

புதியவை வருவதற்கு முன் கொல்லை எப்படி இருந்தது என்பதை அறியத் திதிச் சமையல் உதவுகிறது. பல குடும்பங்களில் முன்னோர் திதியன்று மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு ஆகியவை சேர்க்கப்படுவதில்லை. மிளகு, இஞ்சி, வாழைக்காய், பாகல், அவரை, சேம்பு, பிரண்டை ஆகியவையே இலையில் இடம்பெறுகின்றன. ஐந்நூறு ஆண்டுகளுக்கு முந்தைய வீட்டுத் தோட்டம் ஆண்டுக்கு ஒரு நாள் சமையலறைக்குத் திரும்புகிறது எனலாம்.

ஆங்கிலேயர் ஆட்சியில் 1835இல் சென்னையில் வேளாண்–தோட்டக்கலைச் சங்கம் தொடங்கப்பட்டது. 1848இல் உதகமண்டலத்தில் தாவரவியல் பூங்கா உருவாக்கப்பட்டது. முட்டைக்கோஸ், காரட், பீட்ரூட் போன்ற குளிர்நிலக் காய்கள் மலைப்பகுதியில் பரவின. சமவெளிக் கொல்லைகளில் இவை பெரிதாக வேரூன்றவில்லை. அங்கே கோடை நீளமானது.

கொல்லையின் அமைப்பு

பழைய கொல்லையின் நடுப்புள்ளி கிணறு. துவைகல், பாத்திரம் தேய்க்குமிடம், குளிக்குமிடம் ஆகியவை அதைச் சுற்றி இருந்தன. அங்கிருந்து வழியும் நீர் ஒரு சிறு வாய்க்காலில் ஓடும். அதிக நீர் கேட்கும் வாழை, சேம்பு, கருணை ஆகியவை வாய்க்காலின் ஓரத்தில் நின்றன. அடுத்த வரிசையில் கறிவேப்பிலை, எலுமிச்சை, கத்தரி, மிளகாய் வந்தன. நீர் தேங்கினால் அழுகிவிடும் முருங்கை, மேடான ஓரத்தில் வைக்கப்பட்டது. அரிசி கழுவிய நீரும் புளித்த மோரும் கறிவேப்பிலைக்குப் போயின. நீருக்கென்று தனிச் செலவு இல்லை; வீடு ஒருமுறை பயன்படுத்திய நீரையே செடி இரண்டாம் முறை பயன்படுத்தியது.

பாத்திரம் தேய்க்கச் சாம்பலும் புளியும், தலைக்குச் சீயக்காயும் அரப்பும் பயன்பட்ட வரை அந்நீரால் செடிகளுக்குக் கேடில்லை. அடுப்புச் சாம்பல் குப்பைக்குழியில் சேர்ந்து உரமாயிற்று. அவரைக் கொடியில் அசுவினி படிந்தால் அதே சாம்பல் காலைப் பனி ஈரத்தில் இலைமேல் தூவப்பட்டது. வேலியும் வெறும் தடுப்பாக இல்லை. கிளுவை, பூவரசு, முருங்கை, அகத்தி ஆகியவற்றின் போத்துகளை நட்டு உயிர்வேலி அமைத்தனர். யாழ்ப்பாணத்தில் இவை கதியால் எனப்படும். வேலியின் தழை உரமாகவும் ஆட்டுத் தீவனமாகவும் பயன்பட்டது. கோவையும் பாகலும் பிரண்டையும் அதன்மேல் படர்ந்தன.

பட்டமும் பருவமும்

தமிழ் இலக்கணம் ஆண்டை கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தது. உழவரும் வீட்டுப் பெண்களும் அதனினும் நுட்பமாகப் பட்டம் என்ற அளவைக் கையாண்டனர். பட்டம் என்பது குறிப்பிட்ட பயிரை விதைக்க ஏற்ற காலம். ஆடிப்பட்டம், கார்த்திகைப்பட்டம், தைப்பட்டம், சித்திரைப்பட்டம் என அவை வழங்கப்பட்டன.

ஆடி, ஆவணி: ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்பது பழமொழி. ஆடி மாதம் முதுவேனிலின் கடைசி. ஆவணியில் கார் தொடங்குகிறது. வெயில் தணியத் தொடங்கும் வேளையில் விதைத்த விதை இளமழையில் முளைத்து, ஐப்பசியில் பெருமழை வருவதற்குள் வேர் ஊன்றிக்கொள்ளும். சுரை, பீர்க்கு, புடல், பாகல், பூசணி, பறங்கி, அவரை, வெண்டை ஆகியவை இப்போது ஊன்றப்படும். கத்தரியும் மிளகாயும் நாற்றுவிடப்படும். ஆடிக்காற்று வலியது என்பதால் பந்தல்காலை ஆழமாக நட வேண்டும். கொடி ஏறிய பிறகு காலை மாற்றினால் வேர் அறுந்துவிடும்.

புரட்டாசி முதல் கார்த்திகை வரை: தமிழகத்தின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி வடகிழக்குப் பருவமழையாகப் பெய்கிறது. இது கொல்லைக்கு வரமும் சோதனையும் ஆகும். பொடிவிதைக் கீரைகளை இப்போது தூவினால் விதை அடித்துச் செல்லப்படும். முளைத்தாலும் மண் தெறித்து இலை அழுகும். ஆகவே மேட்டுப்பாத்தி போடுவதும் வடிகால் வெட்டுவதும் இக்காலத்தின் முதன்மை வேலைகள். மறுபுறம் தென்னங்கன்று, வாழைக்கன்று, மா, எலுமிச்சை ஆகியவற்றை நடுவதற்கு இது நல்ல காலம். மூன்று மாத ஈரத்தில் கன்று வேர்பிடித்துவிட்டால் அடுத்த கோடையைத் தாங்கும்.

மார்கழி, தை: கொல்லையின் மகிழ்ச்சியான மாதங்கள் இவை. நாட்டு அவரை எப்போது விதைத்தாலும் பகல் குறுகிய பிறகே பூக்கும். ஆடியில் ஊன்றிய கொடி ஐந்து மாதம் இலையை மட்டும் காட்டிப் பொறுமையைச் சோதித்துவிட்டு, பனிக்காலத்தில் கொத்துக் கொத்தாகக் காய்க்கும். பொங்கல் குழம்பில் அவரை, மொச்சை, பறங்கி, சர்க்கரைவள்ளி, கருணை ஆகியவை ஒன்றுகூடுவது இதனால்தான். பானையில் கட்டும் மஞ்சள் கொத்து, முந்தைய கோடையில் நட்ட கிழங்கிலிருந்து வந்தது. பொங்கல் படையல், ஆடியிலும் அதற்கு முன்னும் எடுத்த முடிவுகளின் பயன் என்று கூறலாம். கோலத்துக்குப் பறிக்கும் பறங்கிப் பூ ஆண் பூவாக இருந்தால் விளைச்சல் குறையாது. பறங்கியில் ஆண் பூக்களே மிகுதி. பிஞ்சு போன்ற புடைப்பு அடியில் இருந்தால் அது பெண் பூ. இக்குளிரில் கொத்தமல்லி, வெந்தயக்கீரை, முள்ளங்கி, தக்காளி ஆகியவை நன்கு வரும். வெயில் ஏறினால் கொத்தமல்லி தழைக்காமல் பூத்துவிடும்.

மாசி, பங்குனி: விதை எடுக்கும் காலம். நல்ல கொடியில் முதலில் வந்த திரண்ட காயை விதைக்கென்று விட்டுவிடுவர். அது கொடியிலேயே முற்றிக் காய வேண்டும். முருங்கை பூத்துக் காய்க்கத் தொடங்குவதும் இக்காலத்தில்தான்.

சித்திரை முதல் ஆனி வரை: மண்ணுக்கும் மனிதருக்கும் கடினமான காலம். வெண்டை, கொத்தவரை, தண்டுக்கீரை ஆகியவை வெயிலைத் தாங்கும். மற்றவற்றுக்குச் சருகு மூடாக்கும் மாலை நீரும் தேவை. காய் குறைந்தாலும் மல்லிகை குவியும் மாதங்கள் இவை. மிச்சம் இருக்கும் கொத்தவரை, சுண்டை, மணத்தக்காளி, மாங்காய் ஆகியவை இந்த வெயிலில் வற்றலாகும். அடைமழை நாள்களில் அவை குழம்புக்கு உதவும். மஞ்சள், சேனை, கருணை ஆகியவற்றின் கிழங்குகளும் இப்போது மண்ணுக்குள் போகும். வெயிலில் வெறுமையாகத் தெரியும் கொல்லைக்குள் பொங்கலுக்கான பயிர் தொடங்கிவிடுகிறது.

விதையும் பெண்களும்

கொல்லைத் தோட்டத்தைப் பெரும்பாலும் பெண்களே நடத்தினர். எந்தக் கொடியின் காய் கசக்கும், எது சீக்கிரம் காய்க்கும், எந்தக் கீரை பிள்ளை பெற்றவளுக்கு ஆகும் என்ற அறிவு அவர்களிடம் இருந்தது. பறங்கி, சுரை விதைகளைச் சாணத்தில் பதித்துச் சுவரில் அப்பிக் காயவைப்பர். அவரை, மொச்சை விதைகளில் சாம்பல் கலந்து மண்கலயத்தில் வைப்பர். முற்றிய சுரைக்குடுக்கையும் விதைப்பெட்டியாகப் பயன்பட்டது. ஆடி பிறந்ததும் விதை வீடு வீடாகக் கைமாறும். கட்டிக்கொடுத்த ஊருக்குப் பிறந்த வீட்டு விதையைக் கொண்டுசெல்வதும் உண்டு. ஒரே சுரைக்காய் ஊருக்கு ஊர் வடிவம் மாறியிருப்பதற்கு, தலைமுறை தலைமுறையாக நடந்த இந்தத் தேர்வு ஒரு காரணம்.

20ஆம் நூற்றாண்டின் இறுதியில் இம்மரபு தளர்ந்தது. 1988இல் இந்திய அரசு வெளியிட்ட புதிய விதைக் கொள்கை, காய்கறி விதை இறக்குமதியை எளிதாக்கியது. கலப்பின விதைகள் கடைகளில் பெருகின. அவை அதிகம் காய்ப்பவை. ஆனால் அவற்றின் காயிலிருந்து எடுத்த விதை தாய்ச்செடியைப் போலவே வருவதில்லை. எனவே ஒவ்வொரு பட்டத்துக்கும் விதை வாங்க வேண்டிய நிலை ஏற்பட்டது. ஆய்வு நிலையங்களின் பங்கு இதில் ஒரே தன்மையானது அன்று. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி 1989இல் வெளியிட்ட பி.கே.எம். 1 செடிமுருங்கை, விதை ஊன்றிய ஓராண்டுக்குள் காய்ப்பது. மரமுருங்கைக்கு இடமில்லாத சிறு மனைகளுக்கு அது பொருத்தமாக அமைந்தது.

நட்டவருக்கு உரிமை

மேற்கூறிய கொல்லை எல்லா வீடுகளுக்கும் வாய்க்கவில்லை. காவிரிப் படுகையில் நிலமற்ற விவசாயத் தொழிலாளர்கள், பெரும்பாலும் தலித் மக்கள், மிராசுதாரருக்கு உரிய மனையில் குடிசை போட்டு வாழ்ந்தனர். வேலையில் பிணக்கு ஏற்பட்டால் குடிசையை விட்டு வெளியேற்றப்படும் அச்சம் இருந்தது. இந்நிலை அவர்கள் எதை நடலாம் என்பதையும் தீர்மானித்தது. சுரைக்கொடி நான்கு மாதத்தில் காய்த்துவிடும். அதைக் கூரைமேல் ஏற்றலாம். தென்னை காய்க்க ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். அடுத்த ஆண்டு இருப்போமா என்று தெரியாதவர் தென்னை வைக்க இயலாது. வைத்தாலும் காய் யாருக்கு என்ற கேள்வி எழும்.

1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு குடியிருப்புச் சட்டம், இவ்வாறு குடியிருந்த விவசாயத் தொழிலாளர்களுக்கும் குத்தகையாளர்களுக்கும் அவர்கள் வாழ்ந்த மனையைச் சொந்தமாக்கியது. இது வீட்டுரிமைச் சட்டமாகவே பேசப்படுகிறது. வீட்டுத் தோட்ட வரலாற்றிலும் அதற்கு இடம் உண்டு. செப்பேட்டில் சிலருக்கு மட்டும் எழுதிக் கொடுக்கப்பட்ட மரம் நடும் உரிமை, கூலித் தொழிலாளியின் மனைக்கும் சட்டப்படி வந்து சேர வழி திறந்தது.

பஞ்சமும் போரும்

கொல்லை பசிக்குத் துணை என்றாலும் அதற்கு எல்லை உண்டு. 1876–78 தாது வருடப் பஞ்சத்தில் மழை பொய்த்துக் கிணறுகள் வற்றின. வீட்டுக் கழிவுநீரை நம்பிய தோட்டம், கிணறு வற்றினால் முதலில் கருகும். மழை பொய்த்த பஞ்சத்தை அதனால் தடுக்க முடியவில்லை. நீர் இருந்து தானியம் வராமல் போன நெருக்கடிகளில்தான் அது கைகொடுத்தது.

திருவிதாங்கூரில் விசாகம் திருநாள் மன்னர் (ஆட்சிக்காலம் 1880–1885) மரவள்ளி சாகுபடியை ஊக்குவித்தார். அன்று அந்நாட்டோடு இருந்த இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்திலும் மரச்சீனி அன்றாட உணவாயிற்று. 1942இல் பர்மா ஜப்பானியர் வசமானதும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. இந்தியாவில் அதிக உணவு உற்பத்தி இயக்கம் தொடங்கப்பட்டது. அதே ஆண்டுகளில் ஜப்பானியர் ஆட்சியில் இருந்த மலாயாவில், தோட்டத் தொழிலாளர்களாகச் சென்ற தமிழர்கள் உட்படப் பலரும் வீட்டைச் சுற்றி மரவள்ளியும் வள்ளிக்கிழங்கும் நட்டு உயிர்பிழைத்தனர். 2022இல் இலங்கைப் பொருளாதார நெருக்கடியின்போது, அரசு ஊழியர்கள் வீட்டுத் தோட்டத்தில் ஈடுபடுவதற்காக வெள்ளிக்கிழமை விடுமுறை அறிவிக்கப்பட்டது. ஆனால் விடுமுறை அறிவித்த வாரத்திலேயே காய் கிடைப்பதில்லை. கீரைக்கு ஒரு மாதம், வெண்டைக்கு ஒன்றரை மாதம், மரவள்ளிக்கு எட்டு மாதத்துக்கு மேல் வேண்டும். நெருக்கடி வருமுன் நடப்பட்ட தோட்டமே நெருக்கடியில் சோறிடுகிறது.

கொல்லை சுருங்கிய காலம்

சுதந்திரத்துக்குப் பிந்தைய பத்தாண்டுகளில் நகர வீட்டின் கொல்லை மெல்ல மறைந்தது. குழாய் நீர் வந்ததும் கிணற்றடி தேவையற்றதாயிற்று. கழிவுநீர் வாய்க்காலுக்குப் பதில் சாக்கடைக்குச் சென்றது. செயற்கைச் சலவைத்தூள் கலந்த நீரைத் தொடர்ந்து பாய்ச்சினால் மண்ணில் உப்பு ஏறும் என்பதால் அதைச் செடிக்கு விடவும் முடியவில்லை. எரிவாயு அடுப்பு வந்தபின் சாம்பல் இல்லை. மாடு போனபின் சாணம் இல்லை. மனை சிறுத்தது, எஞ்சிய இடம் வாகனத்துக்கும் சிமெண்டுத் தளத்துக்கும் போயிற்று. அடுக்குமாடிக் குடியிருப்பில் பின்புறம் என்பதே இல்லாமல் போயிற்று. மறுபுறம் சந்தை வளர்ந்தது. சென்னையில் 1996இல் கோயம்பேடு சந்தை திறக்கப்பட்டது. 1999இல் உழவர் சந்தைகள் தொடங்கின. எல்லாக் காயும் எல்லா மாதமும் கிடைத்ததால், பட்டம் பற்றிய அறிவு சமையலறைக்குத் தேவையற்றதாகத் தோன்றியது.

மொட்டைமாடித் தோட்டம்

கொல்லையை இழந்த நகரம் அதை மாடிக்கு ஏற்றியது. தமிழ்நாடு அரசின் தோட்டக்கலைத் துறை 2013இல் சென்னையிலும் கோவையிலும், விதை, தென்னைநார்க் கழிவு, பைகள் அடங்கிய தொகுப்பை மானிய விலையில் வழங்கும் மாடித் தோட்டத் திட்டத்தைத் தொடங்கியது. இயற்கை வேளாண் அறிஞர் கோ. நம்மாழ்வாரின் (1938–2013) பேச்சுகள் இளைஞர்களை நாட்டு விதையின் பக்கம் திருப்பின. 2020 ஊரடங்கின்போது மாடித் தோட்டத்தின் மீது ஆர்வம் கூடியது.

மாடியின் நடைமுறை கொல்லையிலிருந்து வேறுபட்டது. ஈரமண் நிரப்பிய 20 லிட்டர் பை 25 கிலோவுக்கு மேல் கனக்கும். எனவே தளத்தின் தாங்குதிறனைக் கருதி, மண்ணைக் குறைத்து தென்னைநார்க் கழிவும் மக்கிய உரமும் கலக்கப்படுகின்றன. பையைத் தளத்தில் நேரடியாக வைத்தால் நீர் கசிந்து கூரை ஊறும். ஆகவே செங்கல் அல்லது தாங்கியின்மேல் வைக்க வேண்டும். கீரைக்கு அரை அடி ஆழம் போதும். தக்காளி, கத்தரிக்கு ஓர் அடி வேண்டும். சித்திரை வெயிலில் சிமெண்டுத் தளத்தின் சூடு வேரைத் தாக்குவதால் நிழல்வலை கட்டப்படுகிறது. பூச்சிக்கு, லிட்டருக்கு 50 கிராம் என்ற அளவில் இடித்த வேப்பங்கொட்டைப் பருப்பை இரவு ஊறவைத்து வடிகட்டித் தெளிக்கலாம்.

மாடித் தோட்டத்தில் பெரும்பாலோர் முதலில் சந்திக்கும் தோல்விக்குக் காரணம் பையோ உரமோ அன்று; காலம். ஐப்பசி மழையில் கீரை தூவுவதும் சித்திரையில் கொத்தமல்லி விதைப்பதும், பட்டம் அறியாத தலைமுறையின் தவறுகள். அவற்றை உணர்ந்தவர்கள் பழைய மாதக் கணக்குக்குத் திரும்பியுள்ளனர். ஆடிப்பட்டத்தை ஒட்டித் தமிழகத்தின் பல ஊர்களில் விதைத் திருவிழாக்கள் நடைபெறுகின்றன. முன்பு வேலியைத் தாண்டிக் கைமாறிய சுரையும் அவரையும் நாட்டுக் கத்தரியும் அங்கே சிறு தாள் பொட்டலங்களில் கைமாறுகின்றன. வாங்குபவர் கேட்கும் முதல் கேள்வி இன்றும் எந்த மாதத்தில் ஊன்ற வேண்டும் என்பதாகவே இருக்கிறது.